வெனிலாக் கொடிக்கால்

வெனிலாப் பூவுக்கு வாசம் கிடையாது என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை. வடகரப்பதியில் இருக்கும் என் தங்கச்சி இத்தனை வருஷம் கழித்தும் நம்பவில்லை. "ஐஸ்கிரீம்ல அத்தன வாசம் அடிக்குது, பூவுல அடிக்காதா? ஒரு மொழம் கட்டிக் கொண்டு வாக்கா, வெச்சுப் பாக்கறேன்" என்று போன் பண்ணும்போதெல்லாம் கேட்பாள். அந்தப் பூவைத் தலையில் வைத்தால் வாடின கீரையைச் செருகியது போலத்தான் இருக்கும். வெளிர் பச்சையில் கொஞ்சம் மஞ்சள் கலந்த நிறம். விடியும்போது விரியும், மத்தியானத்துக்குள் தொங்கிப்போகும். வாசமெல்லாம் காயில்தான். அதுவும் மாதக்கணக்கில் கொடியில் கிடந்து முற்றி, பிறகு வெந்நீரும் வெயிலும் கம்பளிப் போர்வையும் பட்டுக் கறுத்தால்தான் வரும்.

அந்தக் காய் தானாகப் பிடிக்காது. இந்தக் கொடி பிறந்தது மெக்சிகோப் பக்கத்து மழைக்காட்டில். அங்கே இந்தப் பூவுக்கென்று ஒரு சின்னத் தேனீ இருக்கிறதாம். நாங்கள் இருக்கும் இடுக்கியிலும் மழைக்காடு உண்டு, தேனீக்கும் பஞ்சமில்லை. ஆனால் இங்கே இருக்கிற எதற்கும் இந்தப் பூவுக்குள் புகுந்து வரத் தெரியவில்லை. ஆகவே மனுஷர்தான் தேனீயாக வேண்டும். பூவின் உதட்டை விரலால் கீழே தள்ளி, உள்ளே ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவில் தொங்கும் மெல்லிய சவ்வை ஈர்க்குச்சியால் தூக்கி, மேலே இருக்கும் மகரந்தத்தைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்த வேண்டும். எங்கள் வீட்டில் இதைப் பூச் சேர்ப்பது என்போம். சேர்ந்த பூ கொடியிலேயே ஒட்டிக்கொண்டு வாடும். சேராத பூ மறுநாள் உதிர்ந்துவிடும்.

என் மாமனார் வீட்டுக்காரர்கள் எருத்தேன்பதியில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர்கள். கிணறு வற்றி, போர் போட்டு, போரும் வற்றி, கடைசியில் அந்த நிலத்தைக் கொடுத்துவிட்டு இங்கே மலையில் ஒன்றரை ஏக்கர் வாங்கி வந்தார்கள். தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரம். ஏலமும் மிளகும் இருந்த நிலம். அந்தச் சமயம் மலை முழுக்க வெனிலாப் பைத்தியம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. மாமனாரும் வீட்டுக்குப் பின்னால் சீமைக்கொன்றைக் கால் ஊன்றி நாற்பது கொடி ஏற்றிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு விலை விழுந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் கொடியை அறுத்து எருக்குழியில் போட்டார்கள். என் மாமியார் மட்டும் போடவில்லை. "அவங்க கையால ஊனுனது, இருந்துட்டுப் போவுது" என்று விட்டுவிட்டார்.

நான் கல்யாணமாகி மலைக்கு வந்தபோது எனக்கு இருபத்து நாலு வயசு. என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். விடிவதற்கு முன்னால் எல்லைக்கு இறங்கிப் போய் ஏலக்காட்டு வேலைக்கு வருகிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு எஸ்டேட்டாக இறக்கிவிட்டுத் திரும்பப் பத்து மணி தாண்டிவிடும். பூ அவருக்காகக் காத்திருக்காது. எனவே பூச் சேர்க்கிற வேலை வீட்டில் இருந்த இரண்டு பெண்களுக்கு வந்தது. கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீசிலிருந்து ஒரு சேச்சி வந்து எனக்கும் அத்தைக்கும் ஒரே நேரத்தில் செய்து காட்டினார். எனக்குக் கை உடனே பழகிவிட்டது. அத்தைக்குக் கண்ணில் அப்போதே புரை தொடங்கியிருந்தது. கண் ஆபரேஷன் என்று சொன்னால் மனுஷி ஜீப்பில் ஏறவே மாட்டார். ஆக அந்தக் கொடிகளுக்கு நான்தான் தேனீ என்று ஆனது.

இதில்தான் வந்தது வினை. கால் ஊன்றி ஏறுகிற கொடி எதுவானாலும் அத்தைக்கு அது வெற்றிலைக் கொடிக்கால்தான். கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுப் போகக் கூடாது. வீட்டுக்குத் தூரமான பெண் அந்தப் பக்கமே போகக் கூடாது, நிழல் பட்டாலே கொடி கருகிவிடும். இவ்வளவையும் எருத்தேன்பதியிலிருந்து சட்டி பானையோடு சேர்த்து மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மெக்சிகோக் கொடிக்கு எருத்தேன்பதிச் சட்டம்!

"மொளகும் கொடிதானுங்கத்தை, அதுக்கு மட்டும் இந்தச் சட்டமெல்லாம் இல்லீங்களா?" என்று முதல் வருஷமே கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அது காட்டுக்கொடி அம்மிணி, அது பாட்டுக்குக் கெடக்கும்."

"வெனிலாவும் காட்டுக்கொடிதானுங்க."

"அது அவுங்க காட்டுக்கு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

மாதத்தில் அந்த மூன்று நாள் நான் வேலிக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பேன். பூ என் கண்ணுக்கு முன்னால் விரிந்து, என் கண்ணுக்கு முன்னாலேயே தொங்கும். போனால் போகட்டும் என்று வீட்டுக்குள் போய்ப் படுத்திருக்கலாம்தான். ஆனால் அத்தை உள்ளே நின்று உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டு, எந்தக் குலையில் நாளைக்கு எது விரியும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்குக் கண் தெரியாது, எனக்கு உள்ளே போக உரிமை கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு ஆளாக இருந்தோம்.

அந்தக் கல் கிடந்தது பாதையோரத்தில். ஏழு மணிக்கு லயத்திலிருந்து, அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளிலிருந்து, வேலைக்குப் போகிற பெண்களெல்லாம் அந்த வழியாகத்தான் போவார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம், இரண்டு வருஷம் வரைக்கும் அதில் ஒன்றும் இல்லை. மூன்று, நாலு என்று போகப் போகத்தான் எனக்கு உறைத்தது. நான் கல்லில் உட்கார்ந்திருந்தால், இந்த மாதமும் எனக்கு ஒன்றும் தங்கவில்லை என்று அர்த்தம். மற்றப் பெண்களுக்கு அது அவரவர் வயிற்றோடு போகிற விஷயம். எனக்கு மட்டும் தை மாதத்திலிருந்து சித்திரை வரைக்கும், பூ இருக்கிற காலமெல்லாம், ஊருக்கு நோட்டீஸ் ஒட்டின மாதிரி.

லயத்து அக்கா ஒருவர் இருந்தார். பூர்வீகம் மதுரைப் பக்கம், பிறந்து வளர்ந்தது எல்லாம் எஸ்டேட்டில். கெட்ட மனசு இல்லை. மனசில் தோன்றினது நாக்கில் வந்துவிடும், அவ்வளவுதான். தலையில் சோற்றுத் தூக்கோடு நின்று, "என்னா தாயி, இந்த மாசமும் வெளியதானா?" என்பார். இரக்கப்பட்டுத்தான் கேட்பார். எனக்கு அந்தத் தூக்கைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறியலாம் போல இருக்கும். "ஆமாங்க்கா" என்று சிரிப்பேன். சிரித்து முடித்த பிறகு வாய் கசக்கும்.

அத்தை இதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. ஒரு ஜாடை, ஒரு பெருமூச்சு, எதுவும் இல்லை. கோயமுத்தூருக்கு இரண்டு முறை டாக்டரிடம் போனோம், வந்தோம். என்ன சொன்னார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அதற்காக அவருக்கு எண்ணம் இல்லை என்று நான் நினைத்துவிடவில்லை. ஒரு மாசி மாதத்தில் எனக்குப் பத்து நாள் தள்ளிப்போனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் வழக்கம் போல உள்ளே போய்ப் பூச் சேர்த்துக்கொண்டிருந்தேன். நான் உள்ளே போகப் போக அத்தைக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குடத்தை என் கையிலிருந்து வாங்கினார். ஏலக்காய் மூட்டையைத் தூக்க விடவில்லை. எட்டாம் நாள் ஒப்பிட்டுச் சுட்டார், பருப்புப் பூரணம் வைத்த போளி.

"என்னுங்கத்தை, இன்னைக்கு ஏதாச்சு நோம்பிங்களா?"

"திங்கோணும்னு தோணுச்சு. திங்கறதுக்கு நோம்பி வரோணுமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சூடாக இரண்டு என் தட்டில் வைத்தார். நெய்யும் தாராளமாக ஊற்றினார்.

பதினோராம் நாள் காலையில் ஒரு குலையில் பாதியில் நிற்கும்போது எனக்குத் தெரிந்துவிட்டது. ஈர்க்குச்சியை வேலியில் செருகிவிட்டு வெளியே வந்து கல்லில் உட்கார்ந்தேன். அத்தை ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு அந்தக் குச்சியை எடுத்துக்கொண்டு அவரே உள்ளே போய்விட்டார். பூவைக் கண்ணுக்குக் கிட்டே இழுத்து இழுத்து, மூக்கு இடிக்க இடிக்கச் சேர்த்தார். அவர் தொட்ட பூவில் ஒன்றுகூட மறுநாள் கொடியில் இல்லை. நான் முதுகைக் காட்டிக்கொண்டு அழுதேன். என் அழுகை முடிகிற வரைக்கும் அவர் வெளியே வரவில்லை.

நாற்பது வயசைத் தொட்டபோது எனக்கு வேறு விதமான தொந்தரவு ஆரம்பித்தது. மூன்று நாள் என்பது ஐந்தானது, ஐந்து ஏழானது. போகப் போக ஒன்பது நாள்கூட நிற்காமல் போனது. வலி என்றால் அப்படி ஒரு வலி. கல்லில் உட்கார முடியாமல் வேலிக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன். அத்தை உள்ளேயிருந்து, "இன்னுமா அம்மிணி?" என்பார். நான், "இன்னுந்தானுங்க" என்பேன். "இன்னைக்கு மட்டும் அறுவது பூவுக்கு மேல விரிஞ்சு கெடக்குது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு தடவை வீம்புக்கென்றே ஐந்தாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு, "நின்னுபோச்சுங்க" என்று பச்சைப் பொய் சொல்லிவிட்டு உள்ளே போனேன். நிற்கவில்லை. வலியோடு நின்று நாற்பது கொடியையும் பார்த்து முடித்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு கொடியும் கருகவில்லை. அந்த வருஷத்திலேயே நல்ல காய் அன்றைக்குச் சேர்த்த பூவில்தான் வந்தது. தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்லி இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தையிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

போன வருஷம் ஆனியில் நான் ஏலக்காட்டில் மயங்கி விழுந்தேன். என் வீட்டுக்காரர் ஜீப்பில் போட்டுக் கீழே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். ரத்தம் ரொம்பக் குறைந்துவிட்டது, கர்ப்பப்பையில் கட்டிகள், எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்கள். என் வீட்டுக்காரர் ஒரே சொல்லில் சரி என்றார். "எனக்கு நீ இருந்தாப் போதும்" என்றார். சினிமாவில் பேசுகிற மாதிரி இருந்தது. ஆனால் அந்த மனுஷர் அதைச் சொல்லும்போது ஆசுபத்திரி வராந்தாவில் ஜீப் சாவியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். யாருக்கும் தெரியக் கூடாது. குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லிக்கொள்வோம். தெரிய வேண்டியது அவருக்கும் அத்தைக்கும் மட்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். நாற்பத்து மூன்று வயசில் இனிப் பிறக்கப் போகிறது என்று நானே நம்பவில்லை. ஆனால் பாதையில் போகிறவர்கள், "எங்க ஊர்ல ஒருத்தி நாப்பத்தஞ்சுல பெத்தா" என்று ஒரு கதை சொல்லிவிட்டுப் போவார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும், இருந்தாலும் அந்தக் கதைக்குள் எனக்கும் ஒரு இடம் இருந்தது. எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அதற்குப் பிறகு எவரும் எனக்குக் கதை சொல்ல மாட்டார்கள். உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள். அதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன்.

மழை முடிந்தது, உடம்பு தேறியது, தையில் பூ வந்தது. முதல் நாள் ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போதுதான் எனக்கு விளங்கியது. இனி ஒரு நாளும் அந்தக் கல்லில் உட்கார வேண்டியதில்லை. பத்தொன்பது வருஷம் அந்தக் கல்லைத் திட்டியிருக்கிறேன். சனியன் விட்டது என்று குதிக்க வேண்டியவள்தானே? குதிக்கவில்லை. முதல் பூவை அழுத்தினதில் பூ பிய்ந்து கையோடு வந்துவிட்டது.

பூ ஆரம்பித்து ஆறு வாரம் இருக்கும். ஒரு காலையில் லயத்து அக்கா வேலியோரம் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏன் தாயி, இந்தத் தடவ நீ வெளிய உக்காந்து நான் பாக்கவே இல்லையே. எதுவும் விசேஷமா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வெளியே உட்கார்ந்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் என்றால், உட்காராவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்கு உறைக்காமல் போயிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"சரி சரி, மூணு மாசம் ஆவட்டும், அப்பறம் சொல்லு. நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்று சொல்லி, சந்தோஷமாகப் போனார். அவர் மூச்சு விடாமல் இருப்பது எந்த லட்சணம் என்று மலைக்கே தெரியும். அத்தை இரண்டு கொடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் குச்சியோடு வந்தபோது அத்தை வேலிப் படலுக்கு முன்னால் நின்றார்.

"நீ உள்ள வர வேண்டாம் அம்மிணி. அந்தக் கல்லுல உக்காரு."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று பார்த்தேன். "என்னுங்க?"

"உக்காருன்னேன்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது அத்தனை கோபம். "எனக்கு என்னங்கத்தை இனித் தூரம், பக்கம்? அதைத்தான் அறுத்து வாளியில போட்டுட்டாங்களே! இப்பவும் நான் தொட்டாக் கருகிடுமா? எதுவுமே இல்லாதவ தொட்டா அது வேற தீட்டுங்களா?" என்று கத்தினேன். மாமியாரிடம் அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை. அத்தை முகம் சுண்டிப்போனது. ஆனாலும் படலை விட்டு நகரவில்லை. "சித்த உக்காரு கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

போய் உட்கார்ந்தேன். இந்தக் கொடி முழுக்கப் பூத்துத் தொங்கி நாசமாகப் போகட்டும் என்று உட்கார்ந்தேன். அவர் உள்ளே போகவில்லை. வந்து அதே கல்லில் என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். ஏழு மணிக்கு லயத்துப் பெண்கள் வந்தார்கள். லயத்து அக்கா என்னைக் கல்லில் பார்த்ததும் அவர் முகம் அப்படியே விழுந்தது. "ஐயோ, பரவால்ல தாயி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்களும் பார்த்துவிட்டுப் போனார்கள். மத்தியானத்துக்குள் அன்றைய பூவெல்லாம் தொங்கிவிட்டது. நான் அத்தையோடு பேசவில்லை, சாப்பிடவும் இல்லை.

இரண்டாம் நாளும் அதே கதை. பெண்கள் போனார்கள். பாதை காலியானது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாருக்கோ சொல்வது மாதிரிப் பேச ஆரம்பித்தார்.

"அவ விசேஷமான்னு கேட்டுப்போட்டா. உட்டிருந்தா அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மலையெல்லாம் அதே நாயமாப் போயிருக்கும். நாலு மாசம் உன்ற வவுத்தையே பாப்பாங்க. அப்பறம் ஒண்ணுமில்லேன்னா என்ன ஏதுன்னு தோண்டுவாங்க. நீ ஆருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னியே. மாசம் மூணு நாள் இங்க வந்து உக்காந்துட்டாப் போதும் அம்மிணி. எப்பவும் போலத்தான்னு அவுங்க பாட்டுக்குப் போயிருவாங்க."

நான் அவரையே பார்த்தேன். ஒரு பூ வீணானாலும் பொறுக்காத மனுஷி. உதிர்ந்த பூவைக்கூட மடியில் கட்டிக்கொண்டு வருகிறவர்.

"பூவெல்லாம் போகுதுங்களேத்தை."

"போனாப் போவுது."

"எத்தன மாசத்துக்குங்க இப்படி உக்காருவோம்?"

அத்தை விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார் என்பது தெரிந்தது. "உனக்கு அம்பது ஆவற வரைக்கும் உக்காந்தாப் போதும். அதுக்கு மேல ஆருக்கும் சந்தேகம் வராது."

அம்பது வரைக்கும்! இன்னும் ஏழு வருஷம். அத்தைக்கு இப்போதே எழுபத்து மூன்று. எழுபத்து மூன்று வயசு மனுஷி எண்பது வயசு வரைக்கும் மாதம் மூன்று நாள் என் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து எனக்காகப் பொய் காக்கத் திட்டம் போட்டு வைத்திருக்கிறார். முந்தின நாள் நான் கத்தினது நினைவுக்கு வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அத்தைக்கு இப்படித் தொட்டுப் பேசிப் பழக்கமில்லை. கட்டை மாதிரி அசையாமல் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் தலையில் ஒட்டியிருந்த தூசியை எடுத்துப் போட்டார்.

மூன்றாம் நாளும் போய் உட்கார்ந்தோம். ஆனால் அந்தக் கல்லில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படலுக்கு உள்ளே பூ குலை குலையாக விரிந்து கிடந்தது. இந்தக் கிழவி எனக்காக எதையெல்லாம் விடத் துணிந்திருக்கிறார், நான் எதை விட மாட்டேன் என்று இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. உச்சுக் கொட்டினால் கொட்டட்டுமே, அதற்காகச் செத்தா போய்விடுவேன்? லயத்து அக்கா வந்தார். கூட வந்தவர்கள் கொஞ்சம் முன்னால் போய்விட்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"அக்கா, எனக்குக் கர்ப்பப்பைய எடுத்தாச்சுங்க. ஆடி மாசத்துல எடுத்தாங்க. குடல்வால்னு சொன்னதெல்லாம் பொய்."

சொல்லிவிட்டு, வேலியிலிருந்த குச்சியை உருவிக்கொண்டு படலைத் தள்ளி உள்ளே போனேன். அத்தை என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் விட்டுவிட்டார். முதல் குலையில் கை வைத்தேன். பின்னால் உச்சுக் கொட்டுகிற சத்தம் வரும் என்று முதுகை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. லயத்து அக்கா தலையிலிருந்த தூக்கை இறக்கி வைக்கிற சத்தம்தான் கேட்டது.

"ரொம்ப வலிச்சுச்சா தாயி?" என்றார்.

நான் திரும்பவில்லை. "இல்லீங்க்கா, இப்பப் பரவால்லீங்க" என்று ஏதோ உளறினேன். "எங்க அக்காவுக்கும் எடுத்தாக. எடுக்கறதுக்கு முன்னாடி அவ பட்ட பாடு இருக்கே, எனக்குத் தெரியும்" என்றார். வேலைக்கு நேரமாகிவிட்டது, கூட்டத்தைப் பிடிக்க ஓடினார்.

அடுத்த பூவுக்குப் போனேன். அத்தையின் காலடி என் பின்னால் வந்து நின்றது. திரும்பிப் பார்த்தால் அவர் முகம் கோணிக்கொண்டு கிடக்கிறது. மாமனார் போனதைப் பற்றிச் சொல்லும்போதுகூட அழாதவர்.

"அவ கேட்டுப்போட்டா" என்றார். "ஊரான் ஊட்டுப் பொம்பள, வந்து நின்ன நிமிசத்துல கேட்டுப்போட்டா. மூணு வருசமா உனக்கு நாள் கூடிக்கிட்டே போச்சு. அஞ்சு, ஏழு, ஒம்பதுன்னு நாந்தானே எண்ணிக்கிட்டுக் கெடந்தேன்? இத்தன பூப் போச்சே, இத்தன பூப் போச்சேன்னு வெசனப்பட்டேன். உனக்கு என்ன பண்ணுதுன்னு ஒரு வார்த்த கேக்கலியே சாமி. அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருப்பமே."

இல்லைங்கத்தை, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. பெரியவர்கள் அழுதால் நாம் அப்படித்தானே சொல்லுவோம். ஆனால் எனக்கும் அத்தனை வருஷமாகக் குறை அதுதான். வேலிக்காலைக் கட்டிக்கொண்டு நின்றபோதெல்லாம் அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வலிச்சுதுங்கத்தை" என்றேன். "ரொம்ப வலிச்சுது."

அவர் என் கையிலிருந்த குச்சியை வாங்கிக் கீழே போட்டார். என்னைக் கைப்பிடித்துக் கொடிகளுக்கு நடுவிலேயே தரையில் உட்கார வைத்து, எதிரில் தானும் உட்கார்ந்தார். மணி எட்டுக்கூட ஆகவில்லை. அன்றைய பூ முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"மொதல்ல எப்ப வலிச்சுது? எங்க வலிச்சுது? எல்லாத்தையும் சொல்லு" என்றார்.

நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.